மலைக்கள்ளனும் மலைக்காரரும்

துரியோதனன் எப்படிப்பட்டவன் என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் யாரும் யாரையும் உட்காரவைத்து விளக்கியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் களத்தில் இரண்டு பேர் ஒரு துணித் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். உள்ளே இருப்பவர் முகத்தைக் காட்டாமலே பாடத் தொடங்குவார். அதுவும் 'நான்' என்று அல்ல, யாரோ ஒருவன் வருகிறான் என்று படர்க்கையில். கட்டியக்காரன் குறுக்கே புகுந்து நீர் யார், எந்த ஊர், வந்த சேதி என்ன என்று கேட்பான். பதில் சொல்லச் சொல்லத்தான் 'அவன்' மெல்ல 'நான்' ஆவான். திரை விலகும்போது பார்க்கிறவருக்குப் பாதிக் கதை புரிந்துபோயிருக்கும். சிவப்பு முகம், மற்ற வேஷங்களைவிடப் பெரிய கிரீடம், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்த புஜகீர்த்தி, களத்தையே அளப்பதுபோல் சுற்றிவரும் நடை. அவன் என்ன செய்யப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிச் செய்யப்போகிறான் என்று பார்ப்பதற்குத்தான் விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள்.

காட்சித் தொடர்பியல், அதாவது விஸ்காம், படிக்கிற பிள்ளைகள் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு எழுதும் 'கேரக்டர் ஸ்கெட்ச்' கேட்பதும் ஏறக்குறைய இதையேதான். பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், என்ன உடுத்துவார், என்ன வேண்டும், எதற்குப் பயப்படுவார். கட்டியக்காரன் கேட்டதை இப்போது ரெக்கார்ட் நோட்டு கேட்கிறது. அடுத்த பக்கத்தில் வகைமை பற்றி ஒரு கேள்வி இருக்கும். உங்கள் படம் எந்த ஜானர், அந்த ஜானரின் எந்த வழக்கங்களைப் பின்பற்றியிருக்கிறீர்கள், எதை மீறியிருக்கிறீர்கள்? கூத்து பார்த்து வளர்ந்த பாட்டிக்கு இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினால் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார். பேரப்பிள்ளைதான் இணையத்தில் தேடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் இந்த வட்டாரத்து ஜனங்கள் வெறும் பார்வையாளர்களாக மட்டும் இருந்தார்கள். பாத்திரங்கள் வேறெங்கோ செய்யப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, பஸ்ஸில் வந்து இறங்கின.

டூரிங் டாக்கீஸ் காலம் அது. நெல் அறுத்த வயலிலோ புறம்போக்கிலோ கொட்டகை போடுவார்கள். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் லைசென்ஸ். அது முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் திட்டுவார். பக்கத்துக் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய், புளி, தேன் கொண்டு சந்தைக்கு இறங்கியவர்கள் இரவு தங்க நேர்ந்தால் படம் பார்த்துவிட்டு விடியலில் மலையேறுவதும் உண்டு.

வகைமை என்ற சொல் அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் வகை பிரிப்பதில் அந்தக் கூட்டம் படு கறார். சாமி படம், ராஜா ராணி படம், சண்டைப் படம், துப்பறியும் படம், அழுகைப் படம். அழுகைப் படத்துக்குப் பெண்கள் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். ஆடி மாதத்தில் சண்டைப் படம் போட்ட கொட்டகைக்காரர் கையைச் சுட்டுக்கொள்வார். வில்லன் நடிகர் நம்பியார் திரையில் தெரிந்த கணமே முன்வரிசையில் சாபம் கிளம்பும். அந்த மனிதர் ஆண்டுதோறும் விரதமிருந்து சபரிமலைக்குப் போகும் பக்தர் என்பது தெரிந்த பிறகும் சாபம் குறையவில்லை. அதுதான் வழக்கத்தின் பலம். முகத்தைக் கண்டதும் குணம் தெரிய வேண்டும் என்பது கூத்திலிருந்து கொட்டகைக்கு அப்படியே வந்து சேர்ந்த எதிர்பார்ப்பு.

அந்த முகங்கள் செய்யப்பட்ட பட்டறை நமக்கு அத்தனை தூரத்திலும் இல்லை. சேலத்தில், ஏற்காட்டு அடிவாரத்தில், டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. அங்கே 'கதை இலாகா' என்று ஒரு பிரிவே இருந்தது. மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து பாத்திரங்களை உருவாக்குவது அதன் வேலை. 1950இல் வந்த 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதிய கருணாநிதி, குண்டலகேசிக் கதையை எடுத்து ராஜகுருவின் மகனைக் கொள்ளைக்காரனாக்கினார். பகலில் பெரிய வீட்டுப் பிள்ளை, இரவில் வழிப்பறிக்காரன். கணவனே தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளக் கூட்டிவந்திருக்கிறான் என்று தெரிந்துகொண்ட பெண், அவனை முந்திக்கொண்டு அவனையே தள்ளிவிடுகிறாள். அந்த உச்சி ஏற்காட்டில்தான் இருக்கிறது என்று சேலத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் படத்தைச் சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஒரு சுவாரஸ்யமான ஆள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த 'சதி லீலாவதி' (1936) இவர் இயக்கியதுதான். கடைசிவரை தமிழ் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ்ப் படவுலகில் 'சினிமா படித்த மாணவர்' என்ற வகையின் தொடக்கமே மொழி தெரியாத ஒரு அமெரிக்கர் என்பதை விஸ்காம் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லலாம். பாத்திரத்தைப் பேச்சில் மட்டும் தேடாமல் முகத்திலும் நடையிலும் வெளிச்சத்திலும் தேட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நம் பிள்ளைகளின் குறும்படங்களில் ஆளுக்கு ஆள் ஓயாமல் பேசுவதைப் பார்க்கும்போது அந்தக் கட்டாயம் இவர்களுக்கும் கொஞ்ச நாள் இருந்தால் நல்லது என்று தோன்றும்.

காடும் மலையும் அன்றைய படங்களில் நிறைய வந்தன. 1941இல் 'வனமோகினி'. ஹாலிவுட் காட்டுப் படங்களின் உடையில் கே.தவமணி தேவியும் ஒரு யானையும். 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்தது, தமிழில் அது 'காடு'. யானைகளுக்கு மயிர்த்தோல் போர்த்தி ஆதிகாலத்து மாமத யானைகளாக்கிக் காட்டினார்கள். 1954இல் 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல், கருணாநிதி வசனம், கோவை பட்சிராஜா தயாரிப்பு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரனாகவும் மாறுவேஷக்காரனாகவும் எம்.ஜி.ஆர். அவருடைய பிம்பத்துக்கு அது போட்டுக்கொடுத்த அஸ்திவாரம் சாதாரணமானதல்ல.

இந்தப் படங்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒன்று உறுத்தும். மலை இருக்கிறது, மலைக்காரர் இல்லை. மலை என்பது நாயகன் ஒளியும் இடம், வில்லன் பதுங்கும் குகை, காதலர்கள் பாடும் சரிவு. மனிதர்கள் வந்தால் இறகு செருகிக்கொண்டு, இலை தழை கட்டிக்கொண்டு, யாருக்கும் புரியாத ஒரு கூச்சலோடு வந்து ஆடிவிட்டுப் போவார்கள்.

படத்தில் இப்படி என்றால் மலையில் எப்படி? கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். உடுப்பது கீழ்நாட்டார் உடுப்பதையே. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மலைமலையாகப் பிரிந்து குடியேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. திரைக்கதைக்காரர்கள் 'பேக் ஸ்டோரி' என்று தேடி அலைவார்களே, அது இங்கே ஒரு சமூகத்துக்கே இருக்கிறது. சாமை, தினை, வரகு, அப்புறம் மரவள்ளி. மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்றும் அந்த ஆட்சி போகவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல்தான் அரசு கல்வராயன் மலையை எடுத்துக்கொண்டது. அதாவது 'மலைக்கள்ளன்' வந்து இருபது ஆண்டுகள் தாண்டிய பிறகும் இங்கே மக்கள் ஜாகீருக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தார்கள். இந்தக் கதையை எடுக்கச் சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் வந்திருந்தால் போதும். கதை இலாகாவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பழி சொல்வதற்காக எழுதவில்லை. கேட்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் கேள்வி எப்படி எழும்?

சினிமா கற்கும் வழிகள் அன்று இரண்டுதான். ஒன்று, கோடம்பாக்கத்துக்கு ரயிலேறி ஓர் இயக்குநரின் அலுவலக வாசலில் நின்று, உதவி இயக்குநராகி, திட்டு வாங்கி, கேட்டுக் கேட்டே தெரிந்துகொள்வது. இன்னொன்று, அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்று சொல்லப்பட்ட, தரமணியில் இருக்கும் அரசு திரைப்படக் கல்லூரி. அங்கே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் இயக்கமும் பாடமாகக் கற்பித்தார்கள். ஆனால் படித்துவிட்டு வந்தவர்களைத் தொழிலில் இருந்தவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 'இன்ஸ்டிடியூட் பையன்' என்றால் ஷாட் வைப்பான், படம் ஓடாது என்று ஒரு பேச்சு.

அந்தப் பேச்சை அடக்கியது 1986 சுதந்திர தினத்தன்று வெளிவந்த 'ஊமை விழிகள்'. ஆபாவாணன் எழுத்தும் தயாரிப்பும், ஆர்.அரவிந்தராஜ் இயக்கம், முழுக்கத் திரைப்படக் கல்லூரி மாணவர்களின் கூட்டணி. சினிமாஸ்கோப். காணாமல் போகும் பெண்கள், நெடுஞ்சாலை ஓர விடுதி, கிழட்டு வில்லன். துப்பறியும் படத்தின் வழக்கங்களை அந்தப் பையன்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். அதனால்தான் எங்கே மீறலாம் என்பதும் தெரிந்தது. நாயகன் விஜயகாந்த் படத்தில் வருவதற்கே நேரமாகும். அதுவரை கதையைச் சுமப்பவர்கள் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்காரர்கள். பத்திரிகை ஆசிரியராக ஜெய்சங்கர். 'வல்லவன் ஒருவன்' (1966) போன்ற மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் துப்பாக்கியோடு ஓடி 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பெயர் வாங்கியவரை, இருபது ஆண்டுகள் கழித்து மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து, அவர் எழுத்தையே துப்பாக்கியாக்கினார்கள். நடிகரின் பழைய படங்களே பாத்திரத்தின் முன்கதையாகிவிடும் இந்த வித்தையை வகுப்பில் அரை நாள் பேசலாம்.

அதற்குப் பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களின் கடைசியில் சென்னை லயோலா கல்லூரியில் தொடங்கிய விஸ்காம், மெல்ல மாவட்டக் கல்லூரிகளுக்கும் பரவியது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்களைக் கொண்டுவந்தது. 'பீட்சா'வும் (2012) 'சூது கவ்வும்' (2013) படமும் குறும்பட மேடையிலிருந்து வந்த கைகளின் வேலை. யாரிடமும் உதவி இயக்குநராக இருக்காமலே படம் பண்ணலாம் என்றானது. பிறகு கேமரா போனுக்குள் வந்துவிட்டது. எடிட்டும் அதிலேயே.

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம், விழுப்புரம், புதுச்சேரி, சென்னை என்று விஸ்காம் படிக்கப் போன பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுடைய ப்ராஜெக்ட் படங்களைத் தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் வேண்டாம். படத்தை ஓட்டிவிட்டு வைவா. "ஜானர் என்ன தம்பி?" "சைக்கோ த்ரில்லர் சார்." அடுத்தவர்? "சைக்கோ த்ரில்லர் சார், ஆனா கொஞ்சம் ஹாரர் கலந்திருக்கு." 'ராட்சசன்' 2018இல் வந்த பிறகு இந்தத் தொற்று அதிகம். அந்தப் படத்தின் நாயகனே கொலைகாரர்களைப் பற்றிப் பத்திரிகைத் துணுக்குகளைச் சுவரில் ஒட்டிவைத்துப் படம் எடுக்க அலைகிற இளைஞன்தான். இவர்கள் அந்தச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். துணுக்கு ஒட்டிய சுவர், சிவப்பு நூல், மழைக்கோட்டு, கடைசியில் ஒரு ட்விஸ்ட். நாயகனுக்கு வயது இருபத்தைந்து, ஐ.டி. வேலை, பெயர் ஆதி அல்லது ஆர்யன். எழுதிய பையனின் ஊர் சங்கராபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அவன் அப்பா கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. நாள்தோறும் முன்பணம், ஆள் ஓட்டம், ஆலை கேட்டில் காத்திருப்பு என்று அவர் வாழ்க்கையே ஒரு த்ரில்லர். "அப்பாவை எழுதலாமே?" என்றேன். "அது ஆர்ட் பிலிம் ஆயிடும் சார்" என்றான்.

அவன் மேல் குற்றமில்லை. பாடத்திட்டத்தில் வகைமை என்பது ஹாலிவுட் பட்டியலாக வருகிறது. வெஸ்டர்ன், நுவார், ஸ்லாஷர். பாத்திர உருவாக்கத்துக்கு மூன்று அங்கக் கட்டமைப்பு, நாயகனின் பயணம். எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் கூத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான், திரை எதற்கு, திரௌபதியின் துகிலுரியும் இடத்தில் வேஷம் கட்டியவரையே மக்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. அது 'நாட்டுப்புறக் கலை' என்று வேறு தாளில், இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கிடக்கிறது.

விஸ்காம் மாணவர்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வராமலும் இல்லை. வருகிறார்கள், சித்திரைக்குச் சித்திரை, படைபடையாக. கூவாகத்துக்கு. உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தின் கூத்தாண்டவர் கோயில் திருவிழா தமிழ்நாட்டு ஆவணப்பட மாணவர்களுக்கு எழுதப்படாத ஒரு பாடம்போல் ஆகிவிட்டது. பாரதப் போருக்கு முன் களபலியாகும் அரவானை, மோகினியாக வந்த கிருஷ்ணன் ஓர் இரவு மணக்கும் கதை. பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தேர் புறப்பட்டு அழுகளம் சேர்ந்ததும் தாலி அறுத்து, வளை உடைத்து, வெள்ளை உடுப்பார்கள்.

மாணவர்களின் கேமரா ஒவ்வொரு வருஷமும் எடுப்பது ஏறத்தாழ ஒரே படத்தை. கண்ணாடி முன் ஒப்பனை, நெருக்கத்தில் மல்லிகைப்பூ, தாலி, சிரிப்பு, மறுநாள் அழுகை, பின்னணியில் சோகக் குழல். ஆவணப்படத்துக்கும் வழக்கங்கள் உண்டு, அவையும் ஒரு ஜானர்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தக் கேமராக்களில் விழாதது ஒன்று இருக்கிறது. சுற்றுக் கிராமத்து ஆண்களும் சிறுவர்களும் நேர்த்திக்கடனாக அதே அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். விவசாயி, மீசை வைத்தவர், வேட்டியை மடித்துக் கட்டியவர், கழுத்தில் மஞ்சள் கயிறு. எந்த அச்சிலும் பொருந்தாத பாத்திரம். பொருந்தாததாலேயே எடிட்டிங்கில் போய்விடுகிறார்.

கூவாகத்தைக் கதைப்படமாக்கியவர்களில் சந்தோஷ் சிவன் முக்கியமானவர். அவருடைய 'நவரசா' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. தன் சித்தப்பா தன்னைப் பெண்ணாக உணர்கிறார், கூவாகம் போகப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஒரு சிறுமி அவரைத் திருப்பிக் கூட்டிவரக் கிளம்புகிறாள். போகிற வழியில் யாருக்கு யார் வழிகாட்டி என்பது மாறிவிடுகிறது. உண்மையான திருவிழாக் கூட்டத்துக்குள் கற்பனைப் பாத்திரங்களை இறக்கி எடுத்த படம். ஆவணமும் கதையும் எங்கே பிரிகின்றன என்று மாணவர்களிடம் கேட்க இதைவிட நல்ல பாடநூல் இந்த மாவட்டத்துக்குக் கிடையாது. ஆனால் நான் பேசிப்பார்த்த பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

திருநங்கைப் பாத்திரம் தமிழ்ப் படத்தில் எப்படி வந்தது என்பதும் அன்றும் இன்றும் என்று பேசத்தக்க விஷயம். நீண்ட காலம் கேலிக்கு ஒரு ஆள், பஸ் ஸ்டாண்டுக் காட்சிக்கு இரண்டு கைதட்டல். லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கையை 'நான், வித்யா' என்று 2007இல் தமிழில் எழுதினார். அது படமானது கன்னடத்தில், 'நானு அவனல்ல அவளு'. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது. தமிழில் எழுதிய கதை படமாவதற்கு மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. 2019இல் ராமின் 'பேரன்பு' வந்தது. அதில் திருநங்கையாக நடித்த அஞ்சலி அமீர் நிஜ வாழ்விலும் திருநங்கை. அதே ஆண்டு 'சூப்பர் டீலக்ஸ்'. ஷில்பாவாக விஜய் சேதுபதி. ஏழு ஆண்டு கழித்து வந்து இறங்கும் அப்பாவைப் புடவையில் பார்க்கும் சிறுவன் ராசுக்குட்டி ஒரு நொடிகூடச் சங்கடப்படாதது எனக்கு அந்தப் படத்தின் ஆகச் சிறந்த இடம். திருநங்கைகளில் சிலர் அந்தப் பாத்திரத்தின் முன்கதையைக் கடுமையாக விமர்சித்தார்கள். விமர்சிக்க அவர்களே வந்து பேசியதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்.

மலைக்கு அந்த வித்தியாசம் இன்னும் முழுதாக வரவில்லை. இறகும் இலையும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வேறு இரண்டு அச்சுகள். ஒன்று, சாராயம் காய்ச்சுகிறவன் அல்லது செம்மரம் வெட்டப் போகிறவன். மற்றொன்று, சூதுவாது தெரியாத, யாராவது வந்து காப்பாற்ற வேண்டிய அப்பாவி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு, மலையில் விளைவதல்ல. ஆனால் தொலைக்காட்சிக் கேமராக்கள் மலையேறின. ஊறல் பானைகளை உடைக்கும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. மலை என்றால் பதுங்குமிடம் என்ற 'மலைக்கள்ளன்' காலத்து வழக்கம் செய்தி ஒளிபரப்பில் உயிரோடு இருந்தது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்துச் சாலை, மருத்துவம், பள்ளி எங்கே என்று கேட்டது. அந்தக் கேள்விகளுக்கு அத்தனை கேமரா கிடைக்கவில்லை.

பெரிய திரையில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. வெற்றிமாறன் 'விடுதலை'யில் (2023) மலைக் கிராமத்தின் மேல் போலீஸ் முகாம் கவிவதைக் காட்டியபோது, கதையைச் சொல்ல ஒரு கடைநிலைக் காவலரைத் தேர்ந்தெடுத்தார். அவராக நடித்தது சூரி. காமெடியன் என்ற வேஷத்தோடு வந்த ஒருவரைச் சாட்சியாக மாற்றியது வகைமை தெரிந்தவரின் கணக்கு. 'ஜெய்பீம்' (2021) நம் பக்கத்து முதனை கிராமத்தவர் ஒருவர் 1993இல் போலீஸ் காவலில் இறந்ததை எடுத்துக்கொண்டது. நிஜத்தில் பாதிக்கப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். நீதிமன்றப் படத்தின் வழக்கப்படி வக்கீல் நாயகன் ஆனார், இறந்தவரின் மனைவி செங்கேணி அவருக்குப் பின்னால் நின்றார். படம் செய்த நன்மை பெரிது. ஆனாலும் அந்த மாற்றங்கள் ஏன், அவற்றால் யார் பெரிதாகத் தெரிகிறார், யார் சின்னதாகிறார் என்று கேட்பது மாணவர்களின் வேலை. கேட்டு எழுதிய ஒரு ப்ராஜெக்டைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

நம்பிக்கை வருவது வேறு திசையிலிருந்து. 2022இலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு மாதம் ஒரு சிறார் படம் போட்டுக் காட்டுகிறார்கள். படம் முடிந்ததும் பேச்சு, விமர்சனம் எழுதுதல், போட்டி. சாப்ளினின் 'தி கிட்' (1921) அந்த வரிசையில் வந்த படம். வசனமே இல்லாத அந்தப் படத்தில் ஆள் யாரென்று சொல்வது தொப்பியும் கைத்தடியும் பொருந்தாத பூட்ஸும்தான். கூத்தில் கிரீடம் செய்யும் வேலையை அங்கே கிழிசல் செய்கிறது. மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவைப் பிரிந்து இருக்கிற ஒரு குழந்தையின் கதையில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மலையில் ப்ரொஜெக்டரும் மின்சாரமும் ஒத்துழைக்கிற மாதமும் உண்டு, ஒத்துழைக்காத மாதமும் உண்டு. நடந்தவரைக்கும் இது பெரிய மாற்றம். இத்தனை காலம் மலையைப் பற்றி மற்றவர்கள் பாத்திரம் எழுதினார்கள். மலைப் பள்ளிப் பிள்ளை நகரத் தெருவில் திரியும் ஒரு நாடோடியைப் பற்றித் தன் கருத்தை எழுதுவது இப்போதுதான் நடக்கிறது. மேற்படிப்புக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. வெற்றிமாறன் தொடங்கிய திரை-பண்பாடு ஆய்வகம், வசதியற்ற வீடுகளிலிருந்து வரும் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமில்லாமல் சினிமா சொல்லிக்கொடுக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'தேன்சிட்டு' இதழ் ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் பிள்ளைகளுக்கானது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பிள்ளைகள் எழுதும் பட விமர்சனங்களை, ஆசிரியர்களே, அதற்கு அனுப்புங்கள், பிழை திருத்துகிறேன் என்று அவர்கள் பேச்சை மாற்றிவிடாமல். விஸ்காம் ஆசிரியர்களுக்கு மற்றொன்று. அடுத்த சித்திரையில் மாணவர்களைக் கூவாகத்துக்கு அழைத்து வரும்போது இரண்டு நாள் முன்பாகவே வாருங்கள். பங்குனி தொடங்கிவிட்டால் இந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கும். கேமராவைப் பையிலேயே வைக்கச் சொல்லி, திரை பிடிக்கிற இருவரில் ஒருவராக உங்கள் மாணவரை நிற்கவைக்க முடியுமா என்று கூத்து வாத்தியாரைக் கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்.